ஜோத்பூர் மர ஃபர்னிச்சர்: மொத்த விலை எப்படி அமைகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை, கோவை, பெங்களூரு ஷோரூம்களில் 'சாலிட் வுட்' என்று விற்கும் கட்டில், டைனிங் செட், டி.வி. யூனிட் இவற்றில் பலவும் ராஜஸ்தானின் ஜோத்பூரிலிருந்து வருபவை. போரநாடா, பாஸ்னி தொழிற்பேட்டைகளிலும் அவற்றைச் சுற்றியுள்ள பட்டறைகளிலும் செய்து, ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கன்டெய்னர் கன்டெய்னராகப் போகும் சரக்கு இது. அதே ஏற்றுமதியாளர்களிடம் நம் ஊர்க் கடைக்காரர்களும் ஹோட்டல்காரர்களும், சிங்கப்பூர், மலேசியாவில் கடை வைத்திருக்கும் தமிழர்களும் வாங்குகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கணக்குப் புரிவதற்காக நானே வைத்துக்கொண்ட தொகைகள் எவை என்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

ஒரே டைனிங் டேபிள் படத்தை மூன்று பேருக்கு அனுப்பினேன். ஒருவர் சொன்ன விலையைப்போல இன்னொருவர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சொல்கிறார். யார் ஏமாற்றுகிறார்கள்?

யாருமே ஏமாற்றாமல் இருக்கலாம். படத்தில் நீளம், அகலம், நிறம் இவ்வளவுதான் தெரியும். பலகை 20 மில்லிமீட்டரா 25-ஆ, கால் ஒரே கட்டையா ஒட்டிச் சேர்த்ததா, மரம் சூளையில் உலர்ந்ததா வெயிலில் காய்ந்ததா, மேலே அடித்தது மெலமைன் பாலிஷா, அதைவிட உசத்தியான பி.யு. (பாலியூரித்தேன்) பாலிஷா, அட்டைப்பெட்டி ஐந்தடுக்கா ஏழடுக்கா என்று எதுவும் தெரியாது. தெரியாத இடங்களை ஒவ்வொருவரும் தம் வழக்கப்படி நிரப்பிக்கொண்டு விலை சொல்கிறார்கள். அமெரிக்கக் கடைகளுக்கே செய்து பழகியவர் மேல்தரத்தை வைத்துக் கணக்குப் போடுவார். உள்நாட்டு ஆன்லைன் விற்பனைக்குச் செய்பவர் 'இவருக்கு விலைதான் முக்கியம்' என்று எண்ணி மெல்லிய பலகையை வைத்துப் போடுவார். மூன்று வெவ்வேறு டேபிள்களுக்கு மூன்று விலை வந்திருக்கிறது.

அப்படியானால் விலை கேட்கும்முன் என்னென்ன எழுதிக் கொடுக்க வேண்டும்?

ஒரு பக்கம் போதும். மரத்தின் பெயர், அளவு, ஒவ்வொரு பாகத்தின் தடிமன், ஈரப்பதம், பின்பலகையும் டிராயரின் அடிப்பலகையும் எதில், எந்த பினிஷ், எந்தக் கம்பெனி கீல், டிராயர் ஓடும் சேனல் எது, கழற்றி மாட்டும்படியா முழுசாகவா, பேக்கிங் எப்படி, எத்தனை பீஸ், எந்த ஊரில் இறக்க வேண்டும். இதை எழுதிக் கொடுத்துவிட்டு விலை கேளுங்கள். மூன்று பேருக்கிடையே உள்ள வித்தியாசம் பாதியாகச் சுருங்கிவிடுவதைப் பார்ப்பீர்கள். மிச்சம் இருக்கும் வித்தியாசம்தான் உண்மையில் பேரம் பேச வேண்டிய இடம்.

எந்த மரம் என்ன விலை? மாமரம் மட்டம், ஷீஷம் உசத்தி என்கிறார்களே?

ராஜஸ்தான் வறண்ட பூமி. ஜோத்பூர் பட்டறைகளுக்கு வேண்டிய மரத்தில் பெரும்பகுதி வெளியிலிருந்துதான் லாரியில் வருகிறது. ஆக மரத்தின் விலையிலேயே லாரி வாடகையும் டீசலும் கலந்திருக்கின்றன.

மாமரம் தோப்புகளிலிருந்து வருகிறது. காய்ப்பு ஓய்ந்த மரங்களை வெட்டி விற்கிறார்கள். பருமனான மரம் என்பதால் அகலப் பலகை கிடைக்கும், வளர்ப்பு மரம் என்பதால் வெளிநாட்டில் விற்கவும் எளிது. விலை குறைவு என்பதாலேயே மட்டம் என்று சொல்லிவிட முடியாது. ஒழுங்காக உலர்த்தி மருந்து ஏற்றிய மாமரக் கட்டில், உலர்த்தாத ஷீஷம் கட்டிலைவிட எல்லா வகையிலும் மேல்.

ஷீஷம் பஞ்சாப், ஹரியானா, உத்தரப்பிரதேசம், ராஜஸ்தானின் வடக்கே கங்காநகர்ப் பக்கக் கால்வாய்க் கரைகளில் வளர்வது. வைரம் பாய்ந்த பகுதி கரும்பழுப்பில் வரியோடு அழகாக இருக்கும், உறுதியும் அதிகம். வைரம் பாயாத வெளிப்பக்கம் வெளுத்திருக்கும். 'ஷீஷம்' என்று சொல்லும் விலையில் இந்த வெளுப்பை எவ்வளவு அனுமதிக்கிறீர்கள் என்பது பெரிய விஷயம். துளியும் வெளுப்பு கூடாது என்றால் கழிவு கூடும், விலை ஏறும். 20 சதவீதம் வரை இருக்கலாம், சாயம் போட்டுச் சமன் செய்துகொள்ளலாம் என்றால் இறங்கும். இதைப் பேசாமல் ஆர்டர் கொடுப்பவர்களுக்கு, சாயத்துக்கு அடியில் பாதிக்குமேல் வெள்ளை மரம் வந்து சேர்வதைப் பார்த்திருக்கிறேன். டேபிளைக் கவிழ்த்து, சாயம் ஏறாத அடிப்பக்கத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்று: நம் ஊர்க் கடைகளில் ஷீஷத்தை 'ரோஸ்வுட்' என்று சொல்லி விற்பது உண்டு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரமும் ஷீஷமும் ஒரே இனத்துச் சொந்தங்கள்தான், ஆனால் வேறு வேறு மரம், வேறு வேறு விலை. ஜோத்பூரில் 'அக்கேசியா' என்று விலைப்பட்டியலில் வருவது பெரும்பாலும் நாம் நன்கறிந்த கருவேலம். கனம், கடினம். ரம்பப் பல்லையும் உப்புத்தாளையும் சீக்கிரம் தின்றுவிடும், அதனால் கூலி கொஞ்சம் கூடும்.

ஒரு டேபிளின் விலையில் மரம் எவ்வளவு?

ஆறு பேர் அமரும் சாதாரண டேபிள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேல்பலகை 6 அடிக்கு 3 அடி, 1 அங்குலத் தடிமன்: 1.5 கன அடி. 3 அங்குலச் சதுரத்தில் 29 அங்குல உயரக் கால்கள் நான்கு: 0.6 கன அடி. பலகைக்கு அடியில் ஓடும் 4 அங்குலச் சட்டம், மொத்தம் 15 அடி: 0.4 கன அடி. ஆக, செய்து முடித்த டேபிளில் இருப்பது சுமார் இரண்டரை கன அடி மரம்.

வாங்க வேண்டிய மரம் அதைவிட அதிகம். ஓர் அங்குலத்துக்கு இழைத்து முடிக்க ஒன்றேகால் அங்குலப் பலகையில் தொடங்க வேண்டும். முடிச்சு, வெடிப்பு, வளைவு, ஓரம் எல்லாம் வெட்டிப் போக வேண்டும். மூன்றரை முதல் நான்கு கன அடி பிடிக்கும். உலர்ந்த பலகை கன அடி 800 ரூபாய் என்று கணக்குக்காக வைத்தால், மரம் மட்டுமே 3,200 ரூபாய் வரை வருகிறது. இப்போது மேல்பலகையை 25 மில்லிமீட்டரிலிருந்து 20-க்கு இறக்கி, ஓரத்தில் மட்டும் அடியில் ஒரு பட்டை ஒட்டித் தடிமனாகக் காட்டினால் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள். பார்வைக்கு அதே டேபிள். விலை குறையும், மரமும் குறையும். அப்படிச் செய்வது தவறில்லை, பல நல்ல கம்பெனிகளே செய்கின்றன. ஆனால் வாங்குபவருக்குத் தெரிந்து நடக்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் போடத் தெரிந்திருப்பது பேரத்தில் மிகவும் உதவும். உங்களிடம் கன அடிக் கணக்கு இருக்கிறது என்று தெரிந்தால், எதிரே இருப்பவர் பேசும் முறையே மாறிவிடும்.

சீசனிங், கில்ன் ட்ரை என்கிறார்களே, அது விலையை எவ்வளவு மாற்றும்?

என்னைக் கேட்டால் மொத்த விலையில் மிக முக்கியமான, மிகக் குறைவாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான்.

பச்சை மரத்தில் நீர் இருக்கிறது. அதைச் சூளை அறையில் நீராவியும் வெப்பமும் காற்றும் கொடுத்து மெல்ல மெல்ல 8 முதல் 12 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஓர் அங்குலப் பலகைக்கே இது நாள் பிடிக்கும் வேலை. தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்குக்கும் மேலாகும். அவசரப்பட்டால் உள்ளே வெடிக்கும். சூளைக்கு விறகு, மின்சாரம், இடம், அத்தனை நாள் மரத்தில் முடங்கிக் கிடக்கும் பணத்துக்கு வட்டி என்று எல்லாம் செலவு. 3 அங்குலம், 4 அங்குலக் கால்களை ஒரே கட்டையில் கேட்டால் விலை துள்ளுவதற்குக் காரணம் இதுதான். அதனால்தான் மெல்லிய பலகைகளை உலர்த்தி ஒட்டிக் கால் செய்கிறார்கள். நன்றாக ஒட்டிய கால், சரியாக உலராத ஒற்றைக் கட்டைக் காலைவிட நம்பகமானது.

விலையை நெருக்கினால் முதலில் குறைவது சூளை நாட்கள். பெயின்ட் அடித்து பாலிஷ் போட்டபின் கண்ணுக்குத் தெரியாத ஒரே செலவு அது. ஈரமானி என்ற சிறு கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. சரக்கு ஏற்றும்முன் டேபிளின் அடிப்பக்கத்தில் அதன் இரண்டு ஊசிகளையும் அழுத்திப் பாருங்கள். 10, 11 என்று காட்டினால் நிம்மதி. 18 காட்டினால் அந்த டேபிள் உங்கள் வாடிக்கையாளரின் ஏ.சி. அறையில் சில மாதங்களில் வெடிக்கும், இணைப்புகள் வாய்பிளக்கும். ஒரே பீஸில் பார்த்துத் திருப்திப்படாமல், பலகை, கால், டிராயர் முகப்பு என்று பல இடங்களிலும், பல பீஸ்களிலும் பாருங்கள்.

ஜோத்பூரில் சரியாக இருந்த டிராயர் சென்னை வந்ததும் இறுக்கிக்கொள்கிறது. மரம் மோசமா?

மரம் நல்லதாகவே இருக்கலாம். ஜோத்பூர்க் காற்று வறட்சி, சென்னைக் காற்று கடல் ஈரம். உலர்ந்த மரம் இங்கே வந்து ஈரத்தை உறிஞ்சி, அகலவாக்கில் பருக்கிறது. நீளவாக்கில் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. அதனால்தான் ஐப்பசி மழையில் டிராயர் இழுக்க வராது, பங்குனியில் தானாகச் சரியாகும்.

சென்னை, தூத்துக்குடி, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற கடலோர ஊர்களுக்கு வாங்கும்போது 8 சதவீத ஈரப்பதம் வேண்டாம், 12-ஐ ஒட்டி இருக்கட்டும் என்று சொல்லுங்கள். டிராயர் முகப்பைச் சுற்றி 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்லுங்கள். மேல்பலகையைச் சட்டத்தோடு இறுக்கி ஒட்டாமல், பலகை நகர இடம் கொடுக்கும் நீள்துளை ஸ்க்ரூவோ கிளிப்போ வைத்துப் பொருத்தச் சொல்லுங்கள். இந்த மூன்றுக்கும் விலை ஏறக்குறைய ஒன்றும் கூடாது. விலை கூடாமல் தரம் கூடும் இடங்கள் இப்படிச் சில உண்டு, கேட்பவர்களுக்குத்தான் கிடைக்கும்.

மாமரம் உளுத்துப் போகும் என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. மாமரத்தில் வண்டு எளிதில் விழும். குண்டூசித் தலை அளவு துளையும், கீழே மாவுபோல உளுவும் கொட்டும். அறுத்த உடனே போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை வெற்றிட அழுத்தத் தொட்டியில் மரத்துக்குள் ஏற்றுவதுதான் சரியான மருத்துவம். தொட்டி வைத்திருக்கும் இடத்தில் கன அடிக்கு இவ்வளவு என்று தனிச் செலவு வரும். வெறும் தூரிகையால் பூசுவது மேலோடு நின்றுவிடும். 'மருந்து அடித்திருக்கிறோம்' என்ற பதிலோடு விட்டுவிடாமல், தொட்டியில் ஏற்றியதா, பூசியதா என்று கேளுங்கள். மழைக்காலத்தில் வெட்டிப் போட்டு நாள்கடந்து அறுத்த மரத்தில் வண்டோடு நீலக்கறையும் சேர்ந்துவிடும். அது வெளிர் நிற பினிஷில் அப்பட்டமாகத் தெரியும்.

கூலி எப்படிக் கணக்காகிறது?

பல ஏற்றுமதியாளர்கள் எல்லா வேலையையும் தம் கூரைக்குக்கீழ் செய்வதில்லை. சிறு பட்டறைகளிலிருந்து பாலிஷ் போடாத வெறும் மரக்கூடாக வாங்கி, தம் இடத்தில் உப்புத்தாள் தேய்த்து, பினிஷ் செய்து, பேக் செய்து அனுப்புகிறார்கள். உள்ளே செய்பவர்களும் ஒப்பந்தக்காரர் மூலம் பீஸ் ரேட்டில் செய்விப்பது சகஜம். பீஸ் ரேட் என்றால் வேகத்துக்குத்தான் கூலி. அதனால் எவ்வளவு நுணுக்கமான வேலையோ அவ்வளவு விலை.

கைச்செதுக்கு, பித்தளைத் தகடு பதிப்பது, எலும்புத் துண்டு பதிப்பது இவற்றில் மரத்தைவிடக் கூலியே பெரிது. கம்ப்யூட்டர் இயந்திரத்தில் செதுக்கிக் கையால் முடிப்பது இடைப்பட்ட விலை. புதியவர்கள் வியப்பது ஒன்று: பழசுபோலத் தேய்த்த, அடிபட்டதுபோலச் செய்த பினிஷ், பளபள பினிஷைவிடக் கூலி அதிகம் பிடிக்கும். அத்தனை அடியையும் ஒருவர் உட்கார்ந்து கையால் அடிக்க வேண்டும். அதிலும் ஒவ்வொரு பீஸும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்று வாங்குபவர் கேட்பார்.

உண்மையிலேயே பழைய மரம், அதாவது இடித்த வீட்டு உத்தரம், கதவு, ரயில் தண்டவாள ஸ்லீப்பர் இவற்றில் செய்தது என்றால், ஆணி பிடுங்கும் கூலியும் ஆணி தட்டி உடையும் ரம்பமும் விலையில் சேரும்.

தீபாவளி, ஹோலியை ஒட்டி வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த வாரங்களில் அவசர ஆர்டர் கொடுத்தால் விலையும் கூடும், வேலையும் கெடும்.

பினிஷும் ஹார்டுவேரும்?

மெழுகு, மெலமைன், பி.யு. என்று ஏறுவரிசை. ஹெட்டிச், ஹேஃபலே, ப்ளூம் போன்ற ஹார்டுவேர் கம்பெனியின் பெயரைக் குறிப்பிட்டுக் கேட்டால் அதற்கான விலை, 'நல்ல சேனல்' என்று மட்டும் சொன்னால் அவர் கையில் இருக்கும் சேனல். ஆறு டிராயர் அலமாரியில் இது கணிசமான தொகை. பினிஷ், ஹார்டுவேர் இரண்டையும் பெயர், மாடலோடு எழுதிவிடுங்கள்.

விலையைவிட வாடகை அதிகமாகிவிடுகிறது. ஏன்?

ஃபர்னிச்சரில் காற்றுக்கும் வாடகை கட்டுகிறோம். கப்பலில் போகும் 40 அடி நீள, 'ஹை க்யூப்' எனப்படும் உயரம் கூடிய கன்டெய்னரின் உள்கொள்ளளவு சுமார் 76 கன மீட்டர். ஃபர்னிச்சர் ஏற்றினால் 65, 66 கன மீட்டர் வரைதான் நிரப்ப முடியும்.

மேலே சொன்ன அதே டேபிளை முழுசாகப் பொருத்தி பேக் செய்தால் பெட்டி சுமார் 190 × 98 × 80 சென்டிமீட்டர், ஏறத்தாழ ஒன்றரை கன மீட்டர். ஒரு கன்டெய்னரில் 44 டேபிள் போகும். கால்களைக் கழற்றி, பலகையோடு படுக்கவைத்து பேக் செய்தால் பெட்டியின் உயரம் 13 சென்டிமீட்டருக்கு இறங்கும், கால் கன மீட்டருக்கும் குறைவு. அதே கன்டெய்னரில் சுமார் 270 போகும், எடையும் தாங்கும். கன்டெய்னர் வாடகை 4,000 டாலர் என்று கணக்குக்காக வைத்தால், முதல் வகையில் டேபிளுக்கு 90 டாலர், இரண்டாவதில் 15 டாலர். இந்த 75 டாலர் வித்தியாசத்தை எந்தப் பேரத்தாலும் பட்டறையில் பிடிக்க முடியாது.

கழற்றி மாட்டும் வகைக்குப் போல்ட், நட், துல்லியமான துளை, பொருத்தும் வழிகாட்டித் தாள் என்று கொஞ்சம் செலவு கூடும். கட்டில், டேபிள், நாற்காலிக்கு அது தாராளமாகத் தகும். டிராயர் அலமாரிகளை முழுசாக வாங்குவதே நல்லது. பொருத்தத் தெரியாத கையில் அவை கோணிக்கொள்ளும்.

ஜோத்பூரிலிருந்து தமிழ்நாட்டுக்குச் சாலைவழி 2,000 கிலோமீட்டருக்கு மேல். அங்கும் இதே கதைதான். 32 அடி கன்டெய்னர் லாரி எடையால் நிரம்புவதற்கு முன் இடத்தால் நிரம்பிவிடும். ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் விலையோடு 'பேக் செய்தபின் எத்தனை கன மீட்டர்' என்பதையும் கேட்டு வாங்குங்கள். அந்த எண்ணைத் தராத விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு கடை விலையைக் கணக்கிட முடியாது.

எஃப்.ஓ.பி., எக்ஸ் ஒர்க்ஸ், சி.ஐ.எஃப். இவற்றில் எதை வைத்து ஒப்பிடுவது?

எக்ஸ் ஒர்க்ஸ் என்றால் தொழிற்சாலை வாசலோடு சரி, மற்றதெல்லாம் உங்கள் பாடு. எஃப்.ஓ.பி. என்றால் கப்பலில் ஏற்றும்வரை அவர் பொறுப்பு. ஜோத்பூருக்குக் கடல் கிடையாது. சரக்கு ரயிலிலோ சாலையிலோ குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்துக்குப் போக வேண்டும், சில சமயம் மும்பையின் நவசேவாவுக்கு. அந்தச் செலவு எஃப்.ஓ.பி.யில் அடங்கும். சி.ஐ.எஃப். என்றால் உங்கள் துறைமுகம்வரை கப்பல் வாடகையும் காப்பீடும் சேர்ந்தது.

எல்லோரிடமும் எஃப்.ஓ.பி. முந்த்ரா என்று ஒரே அடிப்படையில் கேளுங்கள். கப்பல் வாடகையை நீங்களே தனியாகப் பேசுங்கள். 2021-இல் கன்டெய்னர் வாடகை தலைதெறிக்க ஏறியதும், 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு ஐரோப்பா செல்பவை ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போக நேர்ந்ததும் நமக்குக் காட்டியது, வாடகையைப் பொருளின் விலைக்குள் புதைத்து வாங்கினால் ஏறும்போது தெரியும், இறங்கும்போது தெரியாது என்பதை.

வெளிநாட்டுக்காரருக்கு ஒரு விலை, நமக்கு ஒரு விலையா? உள்நாடு என்றால் மலிவாக இருக்க வேண்டாமா?

அப்படித்தான் தோன்றும். ஆனால் ஏற்றுமதிக்கு ஜி.எஸ்.டி. சுமை கிடையாது, கட்டியிருந்தாலும் திரும்பக் கிடைக்கும். டியூட்டி டிராபேக், 2021 முதல் வந்த ரோட்டெப் திட்டம் என்று அரசிடமிருந்து சிறு தொகையும் திரும்புகிறது. அதை மனதில் வைத்துத்தான் ஏற்றுமதியாளர் டாலர் விலையை நெருக்கிச் சொல்கிறார். உள்நாட்டில் விற்றால் அது வராது. மர ஃபர்னிச்சருக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யை பில்லில் போட வேண்டும். பதிவு பெற்ற வியாபாரி அதை வரவு எடுத்துக்கொள்ளலாம், ஹோம்ஸ்டே நடத்தும் சிறு உரிமையாளர் பலருக்கு அது நேரடிச் செலவு.

'பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன்' என்ற பேச்சுக்கு இறங்காதீர்கள். வழியில் பிடித்தால் சரக்கும் போகும், லாரியும் நிற்கும். உடைந்து வந்தால் கேட்பதற்கு உங்கள் கையில் காகிதமும் இருக்காது.

டாலரும் அமெரிக்க வரியும் நம்மைப் பாதிக்குமா?

பாதிக்கும். 2010-இல் 45 ரூபாயை ஒட்டியிருந்த டாலர் 2025-இல் 85-ஐத் தாண்டியது. டாலரில் வாங்குபவர்கள் ரூபாய் சரியும்போதெல்லாம் தள்ளுபடி கேட்பார்கள், ஏற்றுமதியாளர் இறக்குமதியாகும் பாலிஷ், ஹார்டுவேர் விலையைக் காட்டித் தடுப்பார்.

அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கு மொத்தம் 50 சதவீதம்வரை கூடுதல் வரி போட்டது. அக்டோபர் 14 முதல் மெத்தை வைத்த மர இருக்கைகள் போன்றவற்றுக்கு உலகம் முழுவதற்குமாகத் தனி வரி வந்தது. இப்படி ஒரு பெரிய சந்தை அடைபடும்போது பட்டறைகளில் கை சும்மா இருக்கும். அந்த நேரத்தில் உள்நாட்டுச் சிறு ஆர்டரையும் மதித்து எடுப்பார்கள். அமெரிக்க ஆர்டர்கள் குவியும் மாதங்களில் பத்து பீஸ் கேட்பவருக்கு யாரும் பதில்கூடப் போடமாட்டார்கள்.

சிங்கப்பூரில் ஃபர்னிச்சருக்குச் சுங்கவரி கிடையாது, 9 சதவீத ஜி.எஸ்.டி. மட்டும். அங்கே கடை வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல வசதி.

விருக்ஷ், சைட்டீஸ் என்று தனியாகப் பணம் கேட்கிறார்கள். தேவையா?

உள்நாட்டுக்கு வாங்கினால் தேவையில்லை. வெளிநாட்டுக்கு ஷீஷம் என்றால் தேவை. ஷீஷம் அடங்கிய டால்பெர்ஜியா இனம் முழுவதும் அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 2017 ஜனவரி 2 முதல் இருக்கிறது. ஒரு பொருளில் அந்த மரம் 10 கிலோவுக்கு மேல் இருந்தால் சான்று வேண்டும். டைனிங் டேபிள் என்றால் நிச்சயம் அதைத் தாண்டும். கைவினைப்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சில் தரும் விருக்ஷ் சான்றிதழ்தான் இதற்கு. அந்த ஆண்டுக்குப் பின் பல வெளிநாட்டு வாங்குநர்கள் ஷீஷத்தை விட்டு மாமரத்துக்கும் கருவேலத்துக்கும் மாறினார்கள். ஐரோப்பாவின் காடழிப்புத் தடுப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டு, தொடங்கும் நாள் ஒரு முறைக்கு மேல் தள்ளிப்போயிருக்கிறது. அது முழுதாக நடைமுறைக்கு வந்தால் மரம் எந்த நிலத்தில் வெட்டியது என்ற ஆதாரத்துக்கும் ஒரு செலவு சேரும்.

எத்தனை பீஸ் வாங்கினால் விலை குறையும்?

ஒரே பொருளில் எண்ணிக்கை கூடினால்தான் உண்மையான குறைப்பு. 20 வகையில் ஐந்தைந்து வாங்குவதும் 5 வகையில் இருபது இருபது வாங்குவதும் நமக்கு 100 பீஸ்தான். பட்டறைக்கு முன்னது இருபது முறை இயந்திரத்தை மாற்றி அமைப்பது, இருபது மாதிரி அச்சு, இருபது அளவில் அட்டைப்பெட்டி. புதிதாகத் தொடங்குபவர்கள் வகையைக் குறைத்து, ஒரே பினிஷில், ஒரே கைப்பிடியில் வாங்கினால் நல்ல விலை கிடைக்கும்.

எங்கே பேரம் பேசலாம், எங்கே கூடாது?

பணம் தரும் முறையில் பேசலாம். ஏற்றுமதியில் 30 சதவீதம் முன்பணம், கப்பல் ரசீது நகலைக் காட்டியதும் மீதி என்பது வழக்கம். கொஞ்சம் அதிகமாக முன்பணம் தந்தால் அவருக்கு வட்டி மிச்சம், அதில் உங்களுக்குப் பங்கு கேட்கலாம். கால அவகாசம் தந்து, அவருக்கு வேலை குறைந்த மாதத்தில் செய்யச் சொல்லலாம். பின்பலகையைப் பிளைவுட்டாக்கலாம். அட்டைப்பெட்டியில் கலர் அச்சை விட்டுவிடலாம்.

ஈரப்பதம், மருந்து, இணைப்பு, பேக்கிங்கின் மூலைக்காப்பு இவற்றைத் தொடக்கூடாது. விவரக்குறிப்பில் எதையும் மாற்றாமல் 'இன்னும் 10 சதவீதம் குறை' என்று கடைசி நாளில் பிடிவாதம் பிடித்தால், பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள். அந்தப் பத்து சதவீதம் உங்களுக்குத் தெரியாத ஏதோ ஒரு பலகையிலிருந்தோ சூளை நாளிலிருந்தோ எடுக்கப்படும். எதைக் குறைத்து இந்த விலைக்கு வந்தீர்கள் என்று வெளிப்படையாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்' வாங்கலாமா?

நேரில் பார்த்தால் வாங்கலாம். ரத்தான ஆர்டரின் மிச்சம் என்றால் லாபம். தரச் சோதனையில் தள்ளிய சரக்கு என்றால் ஏன் தள்ளினார்கள் என்று தெரிய வேண்டும். நிறம் மாறியதற்காகத் தள்ளியது நமக்குப் பரவாயில்லை. ஈரத்துக்கோ வண்டுக்கோ தள்ளியதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள், அந்த வண்டு கடையில் உள்ள மற்றச் சரக்குக்கும் பரவும்.

மலேசிய ரப்பர் மரம், இந்தோனேசியத் தேக்கு இவற்றுக்கும் இதே கணக்கா?

அடிப்படை ஒன்றுதான், எடை விழும் இடம் வேறு. ஜொகூரின் மூவாரில் பால் வற்றிய ரப்பர் மரங்களை வைத்து இயந்திரத்தில் பெருமளவில் செய்கிறார்கள். அங்கே எண்ணிக்கைதான் விலை. ஒரு மாற்றம் கேட்டாலும் கனமாக ஏறும். மத்திய ஜாவாவின் ஜெபாராவில் தேக்கின் வயதும் பருமனும்தான் விலை. அரசுத் தோட்டத்து முதிர்ந்த தேக்குக்கும் கிராமத்துக் கொல்லையில் இளசாக வெட்டிய தேக்குக்கும் இடையே பெரிய இடைவெளி உண்டு, கைவேலை மலிந்த ஊர் என்பதால் மாற்றங்களுக்கு அவ்வளவாக ஏறாது.

ஒரு சாம்பிள் கேட்டால் இரண்டு மடங்கு விலை சொல்கிறார்கள். தரலாமா?

தாருங்கள். ஒற்றைப் பீஸுக்காக அச்சு வெட்டி, நல்ல ஆசாரியை உட்காரவைத்துச் செய்ய வேண்டியிருக்கிறது. மொத்த ஆர்டர் வந்தால் கூடுதல் தொகையைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பலர் ஒப்புக்கொள்வார்கள். சாம்பிள் வந்ததும் தடிமன், ஈரப்பதம், எடை மூன்றையும் அளந்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒரு தாளை அதன் அடியில் ஒட்டி உங்களிடம் ஒன்று, அவரிடம் ஒன்று என்று வையுங்கள். விலைக்கு எத்தனை நாள் செல்லுபடி என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் 30 நாள் தருவார்கள், மர வரத்து குறைந்த மழைக்காலத்தில் 15 நாள்.